அல்ஹம்ப்ராவில் கொஞ்சம் நிற்க விடுங்கள்

ஸ்பெயினில் உள்ள கிரனாடா நகரத்தின் அல்ஹம்ப்ரா கோட்டைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது, முன்னால் நிற்பவர் உயர்த்திப் பிடித்திருக்கும் கைப்பேசிதான். உலகமே பார்க்க விரும்பும் இடத்தில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். கூட்டத்தின் மீது எனக்குக் கோபமில்லை. வந்தவர்கள் தாங்களும் பார்ப்பதில்லை, பார்க்க வந்தவரை ஓரிடத்தில் நிற்க விடுவதுமில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே நுழைவுச்சீட்டு கிடைப்பதே பெரும்பாடு. வெகு நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், சீட்டில் பெயர் இருக்க வேண்டும், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். உள்ளே இருக்கும், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சத்தார் கட்டிய அரண்மனைகளுக்கோ தனியாக ஒரு நேரம் குறித்துத் தருகிறார்கள். அதைத் தவறவிட்டால் அனுமதி கிடையாது. இவ்வளவு கட்டுப்பாட்டையும் ஏற்று, கடல் கடந்து வந்து, கடைசியில் அந்த மண்டபங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தன் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

கோமாரெஸ் கோபுரத்துக்குள் இருக்கும் தூதர் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டில் நஸ்ரித் அரசர் முதலாம் யூசுப் காலத்தில் எழுந்த அந்த மண்டபத்தின் கூரை, 8000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இழைத்து, இஸ்லாமிய மரபு சொல்லும் ஏழு வானங்களைக் காட்டும் விதமாக அமைக்கப்பட்டது. அண்ணாந்து பார்த்து, இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் அதன் நட்சத்திரக் கோலங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அங்குள்ள சன்னல்கள் தரையை ஒட்டித் தாழ்வாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அன்று அங்கே வாழ்ந்தவர்கள் தரையில் விரிப்புகளிலும் திண்டுகளிலும் அமர்ந்தவர்கள், அமர்ந்தவர் கண்மட்டத்துக்கு ஏற்பவே அந்தச் சன்னல்களை வைத்தார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட ஓர் அறையில் இன்று இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றபோதும், படத்தில் நான் விழுகிறேன் என்று சொல்லி நகரச் சொன்னார் ஒருவர். அவர் நகர்ந்ததும் அதே இடத்துக்கு இன்னொருவர் வந்து அதையே சொன்னார். அவர்களில் ஒருவர்கூடத் தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்கவில்லை.

சிங்க முற்றத்தில் இது இன்னும் மோசம். 124 பளிங்குத் தூண்கள் சூழ்ந்து நிற்க, நடுவே 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்றுத் தொட்டியின் விளிம்பில் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீரும் பளிங்கும் ஒன்றாகிப்போனதால் ஓடுவது எது, நிலைத்திருப்பது எது என்று தெரியாமல் மயங்க வைக்கும் காட்சியை அவை பாடுகின்றன. அந்த மயக்கம் கண்ணுக்குப் பிடிபட வேண்டுமென்றால் ஓடும் நீரின் ஓசை காதில் விழ வேண்டும். விழுந்ததோ, ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் உரக்க விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டிகளின் குரல்தான். அவர்களில் ஒருவர் தம் குழுவிடம், படம் எடுத்து முடித்தவர்கள் கிளம்பலாம் என்றார். பார்த்து முடித்தவர்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை!

பக்கத்திலுள்ள இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையில் தேன்கூடு போலச் செறிந்திருக்கும் ஆயிரக்கணக்கான சிற்றறைகளில், மேலே உள்ள சன்னல்களின் ஒளி நகர நகர நிழலும் நிறமும் மாறுகின்றன. அதைச் செய்தவர்கள் நேரத்தையும் கணக்கில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அதன் கீழே நின்ற இளைஞர் ஒருவர் சமநிலைக்காகச் சுண்ணச் சிற்பத்தின் மீது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு படமெடுத்தார். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொடாதீர்கள் என்று சொன்னதற்கு, நான் ஏதோ தகாதது சொல்லிவிட்டதைப் போல முறைத்தார். நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த அந்தப் பூவேலை, விரல்களின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் எத்தனை காலம் தாங்கும்?

பின்னாளில் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் கோட்டைக்குள் எழுப்பிய அரண்மனையில், சதுரக் கட்டடத்துக்குள் அமைந்த அந்த வட்ட முற்றத்தில், கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. மாலையில் எதிர்க்குன்றின் சான் நிகோலாஸ் காட்சி மேடைக்குப் போனால் மறுபடி அதே கதை: வெயில் சாயும் வேளையில் கோட்டைச் சுவர்கள் சிவக்கின்றன, கைச்சுவரை ஒட்டி நின்ற வரிசை முழுவதும் அந்தச் சுவர்களுக்கு முதுகைத் திருப்பி நிற்கிறது.

நேரம் குறித்து ஆட்களை உள்ளே விடத் தெரிந்த நிர்வாகம், நாளின் முதல் ஒரு மணி நேரத்தையாவது கைப்பேசியும் உரத்த குரலும் இல்லாத நேரமாக அறிவிக்கட்டும். வழிகாட்டிகள் காதுக்கருவி வழியாக மட்டுமே பேச வேண்டும் என்று விதிக்கட்டும். தூதர் மண்டபத்தின் ஓரத்தில் நான்கு தாழ்ந்த இருக்கைகளைப் போடட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மடங்கு கட்டணம் கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.