ஒரு சனிக்கிழமை கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

திரும்பவும் ஒரு தேர்வு போய்விட்டது. சனிக்கிழமை காலை 9 மணிக்கு யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் சட்டப் படிப்பின் தொடர் மதிப்பீட்டுத் தேர்வு. வெள்ளி இரவு எனக்கு ஆஸ்பத்திரியில் நைற் டியூட்டி. காலை 7 மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓடினால் சரி என்று புத்தகப் பையோடுதான் வாட்டுக்குப் போனேன். 7 மணிக்கு வரவேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். பாவம், அவரைச் சொல்லி என்ன?

"பிள்ளை, பகல் ஒரு மணி வரைக்கும் நில்லும்" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். கேட்கவில்லை, சொன்னார். ஏற்கனவே 12 மணித்தியாலம் நின்ற காலோடு இன்னும் 6. ஒரு மணிக்கு வெளியே வந்தபோது தேர்வு எழுதியவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். நான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, திறக்காத பையைப் பார்த்து அழுதேன். அழுதது கவலையில் இல்லை, கோபத்தில்.

நான் தாதி. 11 வருடச் சேவை. திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். படிப்பு 4 வருடம், பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், அதன்பிறகு பயிற்சி. நான் போகிற வேகத்தில் கறுப்புக் கோட்டுப் போடும்போது தலை முழுக்க வெள்ளையாகியிருக்கும்.

ஏன் இந்த வயதில் சட்டம் என்று கேட்காத ஆள் இல்லை. கன்னம் வீங்கி, கையில் விரல் அடையாளத்தோடு வருகிற பெண்ணிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன் மிஸ்" என்பாள். புருசன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்பான். நானும் பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், வீக்கத்தையும் பிரஷரையும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். 2005 இலேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதெல்லாம் எனக்கே படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். இத்தனை வருடம் எத்தனை பேரைப் பனடோலோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!

இதை வீட்டில் சொன்னால் மாமியிடம் ஒரே பதில்தான்: "கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்க வேணும்." பென்சன் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, கட்சிக்காரர் வருவாரா என்று பார்த்திருக்கப் போகிறாயா என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

வாட்டிலோ வேறு கதை. "அப்புக்காத்தம்மா வந்திட்டா, சட்டம் கதைக்காதேங்கோ." அப்புக்காத்து என்றால் வக்கீல். முதல் தடவை நானும் சிரித்தேன். நாற்பதாவது தடவைக்கு என்ன முகத்தை வைப்பது?

எனக்கு உண்மையில் பொறுக்காத இடம் இது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது அரச ஊழியர்களுக்கு 5 வருடம் வரை சம்பளமில்லா லீவு என்று சுற்றறிக்கை வந்தது. மூப்புக்கும் பென்சனுக்கும் பாதிப்பில்லை. வெளிநாடு போனவர்களுக்கு வாட்டில் கேக் வெட்டி, கட்டிப்பிடித்து, படம் எடுத்து அனுப்பி வைத்தோம். போகட்டும், நல்லாயிருக்கட்டும். அவர்கள் விட்டுப்போன நைற் எல்லாம் யார் தலையில்? இங்கேயே நிற்கிற எங்கள் தலையில். அப்படி நிற்கிறவள் மாதம் ஒரேயொரு சனிக்கிழமை கேட்டால் மட்டும் வாட்டுக்குத் துரோகி.

"நீரும் நோ பே லீவு எடுத்துப் படியுமன்" என்று புத்தி சொல்கிறார்கள். வீட்டுக் கடனை யார் கட்டுவது? புத்தி சொன்னவரா?

நல்லூர்த் தேருக்கு லீவு கேட்டால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணம், சாமத்தியவீடு, கனடாவிலிருந்து தங்கச்சி வருகிறாள், எல்லாம் காரணம். படிப்பு மட்டும் "உமக்கேன் இந்த வேலை?"

சும்மா கேட்கவும் இல்லை. அந்த ஒரு சனிக்கிழமைக்குப் பதிலாக மற்றவர்களின் இரண்டு நைற் செய்து தருகிறேன் என்று எழுதியே கொடுத்தேன். "பார்ப்பம்" என்றார்கள். யாழ்ப்பாணத்தில் "பார்ப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த மாத டியூட்டி ரொஸ்ரர் நேற்று ஒட்டியாகிவிட்டது. அடுத்த தேர்வுக்கு முதல்நாள் வெள்ளி. என் பெயருக்கு நேரே நைற்.