அது எங்கே எழுதியிருக்கிறது?

அம்மா: டேய், டேப்பில் படித்துக்கொண்டிருந்த கட்டுரையைக் காணோம்.

மகன்: என்ன செய்தாய் அம்மா?

அம்மா: ஒன்றும் செய்யவில்லை. முதல் பத்தியை இன்னொரு முறை பார்க்கலாம் என்று விரலால் கீழே இழுத்தேன். ஒரு வட்டம் சுற்றியது. கட்டுரை போய்விட்டது. அந்த இடத்தில் யாரோ யோகா செய்கிறார்.

மகன்: அதுவா? பக்கத்தின் உச்சிக்கு வந்த பிறகும் இழுத்திருக்கிறாய். அப்படி இழுத்தால் புதிய செய்திகள் வந்துவிடும்.

அம்மா: புதியதை யார் கேட்டது? நான் பழையதைத்தானே தேடினேன்?

மகன்: லோரன் பிரிக்டர் என்பவர் ட்வீட்டி என்ற செயலிக்காக யோசித்துச் செய்தது அது. அருமையான யோசனை. அப்புறம் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா: சரி. இழுத்தால் இப்படி ஆகும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மகன்: எங்கேயும் எழுதியிருக்காது. பழகிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது கீழே போ, கட்டுரை வந்தாலும் வரும்.

அம்மா: கீழே இழுத்தேன். மறுபடியும் வட்டம் சுற்றுகிறது.

மகன்: ஐயோ, கீழே போக விரலை மேலே தள்ள வேண்டும்.

அம்மா: கீழே போவதற்கு மேலே.

மகன்: ஆமாம். காகிதத்தைக் கையால் நகர்த்துவது மாதிரி. 2011இல் ஆப்பிள் இந்தத் திசையையே மேக் கணினிக்கும் கொண்டுவந்துவிட்டது.

அம்மா: கணினியில் நன்றாகப் பழகியிருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை என்று சொல். சரி, தள்ளுகிறேன்... தள்ளிக்கொண்டே இருக்கிறேன்... இந்தப் பக்கம் எங்கேடா முடிகிறது?

மகன்: முடியாது.

அம்மா: என்னது?

மகன்: அதற்கு முடிவே கிடையாது. அடுத்த பக்கம் போக ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தும் சிரமம் வேண்டாம் என்று 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் அப்படி வடிவமைத்தார். பிறகு அவரே அதற்காக வருந்தினார்.

அம்மா: வருந்தி? பக்கத்துக்கு ஒரு முடிவு வைத்தாரா?

மகன்: இல்லை. பேட்டிகளில் வருந்தினார்.

அம்மா: சரி, இதிலிருந்து வெளியே வரவாவது வழி சொல்.

மகன்: கீழ் விளிம்பிலிருந்து மேலே தள்ளு.

அம்மா: கீழ் விளிம்பு எது? டேப்பைத் திருப்பிப் பிடித்தால் எழுத்தும் சேர்ந்து திரும்புகிறது. நான் எப்படிப் பிடித்தாலும் அதுதான் கீழே என்கிறது. பழையதில் ஒரு வட்டப் பொத்தான் இருந்ததே, அது எங்கே?

மகன்: அது 2007இல் முதல் ஐபோனோடு வந்தது. 2017இல் ஐபோன் எக்ஸில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் டேப்களிலிருந்தும் போய்விட்டது. திரைக்கு இடம் வேண்டுமல்லவா?

அம்மா: இடம் கிடைத்ததே, அதில் என்ன எழுதினார்கள்? கீழிருந்து தள்ளு என்று எழுதினார்களா?

மகன்: ...

அம்மா: எங்கே எழுதியிருக்கிறது?

மகன்: அம்மா, இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. மேல் மூலையில் மூன்று கோடு தெரிகிறதா? 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. அதைத் தொட்டால் பட்டியல் திறக்கும். கைபேசித் திரையில் இடம் போதாததால் மறுபடியும் எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

அம்மா: 1981. அன்றிலிருந்து இன்றுவரை அதன் கீழே ‘பட்டியல்’ என்று நான்கு எழுத்து கூட்ட ஒருவருக்கும் தோன்றவில்லையா?

மகன்: அது ஐந்து எழுத்து.

அம்மா: ஐந்துதான். எழுதட்டுமே.

மகன்: சரி சரி, வெளியே வந்துவிட்டாயா? இப்போது அந்தச் செயலியின் படத்தைத் தொடு.

அம்மா: தொட்டேன். எல்லாப் படமும் நடுங்குகிறது.

மகன்: நீ தொடவில்லை, அழுத்திப் பிடித்திருக்கிறாய். தொட்டால் திறக்கும். பிடித்தால் வேறு வேலை செய்யும்.

அம்மா: தொடுவது எது வரைக்கும், பிடிப்பது எதிலிருந்து?

மகன்: சுமார் அரை விநாடி.

அம்மா: என் வயதில் அரை விநாடி என்றால் இதுதானா அந்தப் படம் என்று பார்க்கும் நேரம். இரு, ஏதோ விளம்பரம் வந்து திரையை மறைக்கிறது. மூடுகிற குறியைக் காணோம்.

மகன்: வலது மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும்.

அம்மா: இருக்கிறது, கடுகளவு. தொட்டேன், கடைக்குப் போய்விட்டது.

மகன்: குறி தவறியிருக்கும். விரல் நுனி பருமன் இல்லையா, அதனால்தான் ஆப்பிள் ஒரு பொத்தான் திரையை அளக்கும் கணக்கில் குறைந்தது 44 புள்ளி அகலம், 44 புள்ளி உயரம் இருக்க வேண்டும் என்கிறது. கூகுள் கணக்கு 48. செயலி செய்யும் நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம்.

அம்மா: ‘இப்போதே வாங்கு’ பொத்தானுக்கா, மூடும் குறிக்கா?

மகன்: அது... விளம்பரம் எங்கள் பிரிவு இல்லை அம்மா.

(இந்த இடத்தில் மகனுக்காக ஒரு பதில் எழுத முயன்றேன். அகப்படவில்லை.)

அம்மா: அப்படியானால் விரல் பருமன் என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு வேண்டியது சின்னது, உங்களுக்கு வேண்டியது பெரியது. நுழைய வழி எங்கும் பளிச்சென்று தெரிகிறது. வெளியே போகும் வழிதான் ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கிறது.

மகன்: அம்மா, ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வந்து பார்க்கிறேன். அதுவரை எதையும் இழுக்காதே, பிடிக்காதே.

அம்மா: தொடலாமா?

மகன்: அரை விநாடிக்குள் தொடு.

அம்மா: சரி. வரும்போது உங்கள் அலுவலகத்தில் செய்த செயலியையும் இதில் போட்டுக் கொடு. எப்படி மூடுவது என்று மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டு வா.

மகன்: அது ரொம்ப எளிது அம்மா, மூன்று விரலால்...

அம்மா: தாளில்.