இங்கிலாந்து கிராமம் பார்க்க வருகிறவர்களுக்கு: லாக்ஸ்டனுக்குப் போங்கள்

கோடை விடுமுறைக்கு இங்கிலாந்து வருகிற நண்பர்கள் பலர் "பழைய கிராமம் ஒன்று பார்க்க வேண்டும்" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது அநேகமாக காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் உள்ள பைபரிதான். தேன் நிறக் கல் வீடுகள், பக்கத்திலேயே ஓடை. 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டிய ஆர்லிங்டன் ரோ வரிசை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டனுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

லாக்ஸ்டனில் செங்கல் வீடுகள்தான். பலருக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஊரை விட்டு வயல் பக்கம் நடந்தால்தான் விஷயம் புரியும். மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வெளிகள். நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு வெளியும் நீள நீளமான துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு விவசாயிக்கு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கும். ஒரு வெளியில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவதற்கு ஓய்வு. இப்படி வருஷா வருஷம் மாறி வரும்.

இடைக்கால இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் உழுதது. பெரிய அளவில் இன்றும் அந்த முறைப்படி பயிர் நடக்கும் ஊர் அந்த நாட்டில் இது ஒன்றுதான். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரைத் துண்டு துண்டாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 2,000க்கும் மேற்பட்ட துண்டுகள். பின்னால் பல துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் ஏற்பாடு அதேதான்.

மற்ற ஊர்களுக்கு என்ன ஆனது? இங்கேதான் எனக்கு ஆதங்கம். ரயில் ஜன்னலில் தெரியும் வேலி போட்ட பச்சைக் கட்டங்களைப் பார்த்து "காலங்காலமான இங்கிலாந்து" என்று நாம் உருகுகிறோம். அதில் கணிசமான பகுதி, குறிப்பாக நடு இங்கிலாந்தில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. 1604 முதல் 1914 வரை பார்லிமென்ட் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டுப் பொது வெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வேலி போட்டுத் தனியார் நிலமாக அடைத்தது. சுமார் 68 லட்சம் ஏக்கர். விளைச்சல் கூடியது என்று ஒரு வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரு மாட்டை மேயவிட்டு, விறகு பொறுக்கிப் பிழைத்த ஏழைக் குடும்பத்துக்கு அந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே மிஞ்சவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நிலத்தின் அழகை மட்டும் ரசித்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

லாக்ஸ்டனில் எனக்கு மிகவும் பிடித்தது கோர்ட் லீட் என்ற அவர்களுடைய ஊர் நீதிமன்றம். குளிர்காலத் தொடக்கத்தில் விவசாயிகளே ஜூரியாகக் கோதுமை விதைத்த வெளியைச் சுற்றி வருவார்கள். பொதுப் பாதையையோ புல் ஓரத்தையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால் முளைக்குச்சி அடித்து எல்லையைக் காட்டுவார்கள். அப்புறம் ஊரின் டவ்கோட் பப்பில் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். தொகை சின்னதுதான். பக்கத்து வயல்காரர் முன்னால் தப்பு வெளிப்படுவதுதான் உண்மையான தண்டனை. 1977இல் இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் எடுத்துவிட்டபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு கிடைத்தது.

வயலுக்குள் உழ முடியாத ஈரத் தாழ்வுகளைப் புல்லாகவே விட்டிருக்கிறார்கள். சைக் என்பார்கள். ஜூன் கடைசியில் அங்கே காட்டுப் பூக்கள் மண்டிக் கிடக்கும். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையைக் கோடையில் ஏலம் விடுவார்கள். ஊரின் வடக்கே நார்மன் காலத்து மண்மேட்டுக் கோட்டை இருக்கிறது. கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை, ஆனாலும் ஏறிப் பாருங்கள்.

இந்த ஊர் தப்பியது தற்செயல் மட்டுமல்ல. ஊரின் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த மேன்வர்ஸ் பிரபு 1952இல் இதை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் முடியரசின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் மேன்வர்ஸ் பிரபுவின் குடும்பத்துத் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. கை மாறிய ஒவ்வொரு முறையும் இந்த முறையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஆனால் உழ ஆள் இருந்தால்தான் இது நிலைக்கும். இளைஞர்களுக்கு இந்தப் பண்ணைகள் கட்டுப்படியாகும்படி குத்தகை அமைவதுதான் இனி முக்கியம் என்று நினைக்கிறேன்.

சரி, போகிறவர்களுக்கு: களிமண் பூமி, மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும், நல்ல பூட்ஸ் வேண்டும். பொது நடைபாதையை விட்டுப் பயிருக்குள் இறங்காதீர்கள். ஊருக்குள் சின்ன விளக்க மையம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனால் எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று பிடிபடும்.