வெங்காயத்தில் ஒட்டியிருந்த செம்மண்

உள்ளூர் விளைச்சலையே வாங்குவோம் என்ற கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் எழுதியிருப்பது சரிதான். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் எவ்வளவு நல்ல விலை போனது என்று அப்பா இன்றும் சொல்லுவார். பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது, தோட்டக்காரர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ஆனால் சந்தையில் இருப்பதெல்லாம் உள்ளூர் இல்லை. போன கிழமை தாளோடு கட்டின சின்ன வெங்காயப் பிடி ஒன்று எடுத்தேன், செம்மண் கையில் ஒட்டியது. பக்கத்துச் சாக்கில் இருந்தது துடைத்து வைத்தது போல மினுங்கியது. கேட்டால் தெற்கே தம்புள்ளையில் இருந்து வந்த சரக்காம். விலையும் குறைவு. யாரைக் குறை சொல்ல?

உள்ளூர் என்றால் நஞ்சில்லாதது என்றும் நினைக்கக் கூடாது. எங்கள் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எளிதில் கசிந்து இறங்கும் சுண்ணக்கல். அளவு மீறிப் போடும் யூரியா உரம் கடைசியில் கிணற்றுக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகளே சொல்கின்றன.

பனையை மட்டும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். அதற்கு உரமும் வேண்டாம், தண்ணீர் இறைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் சீனியை விட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் பிளேன்ரீ குடிக்கிறோம். பனங்கட்டி வைத்து வரும் சின்ன ஓலைப் பெட்டியான குட்டான் வெறுமையானதும் அதற்குப் பிள்ளைகள் சண்டை.