ஹெர்ஸ்டைனை முதலில் வாங்காதீர்கள்

அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவைத் (எண்களைத் தாண்டி, கூட்டல், பெருக்கல் மாதிரியான செயல்களின் பொது விதிகளைப் பார்க்கும் கணக்குப் பிரிவு) தனியாகப் படிக்கப் போகிறேன், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். இதே கேள்விக்கு எனக்குப் பொருந்தாத பதிலைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் வீணடித்தவன் நான். அதனால் போனில் சொல்லி முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவர்களைக் கேட்டால் யோசிக்காமல் வரும் பெயர் ஹெர்ஸ்டைன். 1964-ல் வந்த 'டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா'. நானும் அதைத்தான் வாங்கினேன். நல்ல புத்தகம், சந்தேகமே இல்லை. நட்சத்திரக் குறி போட்ட கணக்குகள் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதிய புத்தகம் அது. பின்னால் விடை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போகும் முன் தனியாக உட்கார்ந்து படிப்பவனுக்குத் தன் நிரூபணம் சரியா, இல்லை தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டானா என்று தெரிய வழியே இல்லை.

இதோடு ஒரு கூத்தும் நடந்தது. ஹெர்ஸ்டைன் அதில் ஃபங்ஷனை வலப்பக்கம் எழுதுவார். நாம் எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதிப் பழகியவர்கள்; அவர் எக்ஸை முதலில் போட்டு எஃப்பை அதற்குப் பின்னால் எழுதுவார். நானோ கூடவே பார்த்த வீடியோக்களில் வழக்கமான முறையைப் பழகியிருந்தேன். பெர்முட்டேஷன்களை, அதாவது பொருட்களை இடம் மாற்றும் வழிகளை, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் பெருக்கல்; எது முதலில் என்பது இரண்டு முறையிலும் தலைகீழ். அதனால் எனக்கு ஒரு விடை, புத்தகத்தில் வேறு விடை. இரண்டு வாரம் எனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பப் பக்கங்களில் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார், நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் இப்போது வைத்திருப்பது ஒரே ஒரு சோதனை. கோஷன்ட் குரூப் வரும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குரூப் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும், செய்ததைத் திருப்பவும் முடிகிற செயல்களின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெட்டிகளையே பெருக்குவதுதான் கோஷன்ட் குரூப். தனியாகப் படிப்பவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை மூடி வைப்பது அங்கேதான் என்பது என் அனுமானம். நான் மூடியதும் அங்கேதான். நார்மல் சப்குரூப்புக்கு (அப்படிப் பிரிக்கத் தோதான, குரூப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன குரூப்) டெஃபனிஷனைக் கொடுத்துவிட்டு நேராகத் தேற்றத்துக்குத் தாவினால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். 'நார்மல் இல்லையென்றால் எது உடையும்?' என்று காட்டினால் வாங்கலாம்.

என்ன உடைகிறது என்று கேட்டால்: மேசையில் மூன்று டம்ளர்கள். அவற்றை இடம் மாற்ற ஆறு வழி. அதில் 'சும்மா விடுவது', 'முதல் இரண்டை மாற்றுவது' என்ற இரண்டும் சேர்ந்து ஒரு சப்குரூப். அதை வைத்து ஆறையும் இரண்டிரண்டாக மூன்று பெட்டிகளில் போடலாம், அவைதான் கோசெட்டுகள். ஒரு பெட்டியில் 'முதலையும் மூன்றையும் மாற்றுவது' இருக்கும், கூடவே மூன்றையும் வட்டமாக நகர்த்தும் ஒரு சுழற்சியும் இருக்கும். பெட்டியை அதே பெட்டியால் பெருக்கிப் பார்ப்போம். மாற்றலை இரண்டு முறை செய்தால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். சுழற்சியை இரண்டு முறை செய்தால் எதிர்த்திசைச் சுழற்சி வரும், அது இருப்பது வேறு பெட்டியில். ஒரே பெட்டி, யாரை எடுத்தோம் என்பதைப் பொறுத்து இரண்டு விடை! நார்மல் என்ற நிபந்தனை இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். இது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. டம்ளரை எடுத்து வைத்த பிறகு இருபது நிமிடம்.

புத்தகங்கள் ஏன் டெஃபனிஷனிலிருந்தே தொடங்குகின்றன? வரலாறு அப்படி நடக்கவில்லை. லக்ராஞ்ச் 1770 வாக்கில் சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடமாற்றங்களின் தொகுப்புக்குக் குரூப் என்று பெயர் வைத்த காலுவா 1832-ல், இருபது வயதில், இறந்துபோனார். கெய்லி 1854-ல்தான் குரூப்பைப் பொதுவாக வரையறுக்கப் பார்த்தார். எம்மி நோதர், எமில் ஆர்ட்டின் இருவரின் பாடங்களை வைத்து 1930-ல் வான் டெர் வேர்டன் எழுதிய புத்தகம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கியது. அந்த அடுக்குதான் இன்றுவரை நம் தலையில். வேடிக்கை என்னவென்றால், எமிலின் மகன் மைக்கேல் ஆர்ட்டின் பிறகு எழுதிய பாடப்புத்தகம் மேட்ரிக்ஸிலிருந்து தொடங்குகிறது.

நண்பருக்கு நான் சொன்னது பின்டர் எழுதிய 'எ புக் ஆஃப் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா'. 1982-ல் வந்தது, இப்போது டோவர் மலிவுப் பதிப்பில் கிடைக்கிறது. 33 சின்னச் சின்ன அத்தியாயங்கள். பாடம் சில பக்கம்தான், கணக்குதான் அதிகம். ஒரு பெரிய தேற்றத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் கணக்காகக் கொடுத்து நம்மையே நிரூபிக்க வைத்துவிடுவார். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் ஏன் இல்லை என்பதில் போய் முடிகிறது. நான் இந்தப் பக்கம் வந்ததே அந்தக் கேள்விக்காக.

உதாரணம் நிறைய வேண்டுமென்றால் கேலியன் எழுதிய புத்தகம். ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு விடையும் உண்டு. காசு செலவழிக்க மனமில்லையா, ஜட்சன் எழுதியது இணையத்தில் சட்டப்படியே இலவசம். டம்மிட், ஃபுட் இருவரும் சேர்ந்து எழுதியது 900 பக்கத்துக்கு மேல். அகராதி மாதிரி வைத்துக்கொள்ளலாம், முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பள்ளியில் குரூப்பைக் 'குலம்' என்று படித்தோம். வீட்டில் "குலம் பற்றிப் படிக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அம்மா ஒரு வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நண்பர் பின்டரை ஆர்டர் செய்துவிட்டார். அப்படியே என் ஹெர்ஸ்டைனையும் கடன் கேட்டார். தரவில்லை. கோஷன்ட் குரூப் தாண்டியதும் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.