செராமிக் கிளட்ச் போட்டால் கார் வேகம் கூடுமா?

"செராமிக் கிளட்ச் போடுங்க, எஞ்சின் பவர் கூடும். பெடல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது." மட்டக்களப்பு இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல்பதிவு இது. இரண்டு வரியும் தவறு.

செராமிக் கிளட்ச் என்பது உராயும் பரப்பில் செராமிக் கலவை உள்ள கிளட்ச். ஆனால் எந்தக் கிளட்ச்சும் பவரை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் முறுக்குவிசையை வழுக்காமல் கியர்பெட்டிக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். தேய்ந்து வழுக்கிய கிளட்ச் பிளேட்டை மாற்றினால் இழந்த இழுவை திரும்பி வரும். கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசை தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவை, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம், உராய்வுப் பொருள், பிளேட்டின் விட்டம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் 1.6 லீற்றர் எஞ்சினுக்குப் பிளேட்டின் விட்டம் 200 மி.மீ., 1.8க்கு 215 மி.மீ. ஒரே காரிலேயே இப்படி என்றால், 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று விற்பவரை என்ன சொல்வது? எஞ்சினில் கை வைக்காதவர்களுக்குக் கம்பனி அளவிலான ஆர்கானிக் (நார், பிசின் கலவை) பிளேட் தாராளம். டர்போ ஏற்றியவர்கள், எஞ்சின் இப்போது தரும் முறுக்குவிசையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் கிளட்ச்சைப் பார்க்கலாம்.

செராமிக் சட்டென்று கவ்வும். பந்தயத்துக்குச் சரி. பின்னேரம் காத்தான்குடி பிரதான வீதியில் ஊர்ந்து போகும்போது கார் குதிரை மாதிரித் துள்ளும், கிளட்ச் பிளேட் உராயும் எஞ்சின் சக்கரமான பிளைவீலும் சீக்கிரம் தேயும். பெடல் இறுக்கம் தரத்துக்கு அடையாளமே இல்லை; அது பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கின் வடிவத்தையும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் அளவையும் பொறுத்தது. ஸ்பிரிங் இறுக்கம் அளவுக்கு மீறினால், எஞ்சினின் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்தான் அடி வாங்கும், அப்புறம் உங்கள் இடது முழங்கால்.

கிளட்ச் மாற்றக் கியர்பெட்டியை இறக்கும்போது, பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலி அதே கூலிதான்.