இரண்டு அங்குலத்தில் ஓரியூரார்

பாம்பன் கரையில் உடைத்துப் போடப்படும் பழைய நாட்டுப்படகுகளின் பலகைத் துண்டுகளில், இரண்டு அங்குல உயரத்தில் புனிதர்களின் படங்களை வரைந்து வருகிறேன். அவற்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, காலண்டரில் இருக்கும் முகம் அப்படியே வரவில்லை என்பதுதான். அப்படி வரவே கூடாது என்பது என் எண்ணம்.

இந்த அளவில் ஒரு முகம் மிளகளவே இருக்கும். அதில் இமைமயிரைத் தேடித் தூரிகையைத் தேய்ப்பதைவிட, எட்ட நின்று பார்த்தாலும் இன்னாரென்று தெரிகிற அடையாளத்தைத் தீட்டுவதே மேல். அந்தோணியாருக்குப் பழுப்பு அங்கியும் கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் போதும். இயேசுவின் சீடர் யாக்கோபான சந்தியாகப்பருக்கு வெள்ளைக் குதிரை வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் ஒரு சிப்பி போதும். ஸ்பெயினில் அவரது கொம்போஸ்தெலா ஆலயத்துக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் இன்றும் சிப்பியைத்தான் அணிகிறார்கள். தங்கச்சிமடத்தில் அவருக்குக் கோயில் வைத்திருக்கும் நமக்குச் சிப்பிக்கா பஞ்சம்?

அருளானந்தரை, அதாவது இயேசு சபைக் குருவான ஜான் டி பிரிட்டோவை, அச்சபையின் கறுப்பு அங்கியில் வரையச் சொல்லி ஒருவர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். லிஸ்பனில் பிறந்தவரானாலும் இங்கே காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர் அவர். அவ்வூர்ச் செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேல்நீரை வடித்து, அதில் படியும் மெல்லிய வண்டலை உலர்த்தி, முட்டையின் மஞ்சள் கருவோடு அரைத்தால் கிடைக்கும் நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. (அரைக்கும் நாளில் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும்.)

பலகைதான் பொறுமையைச் சோதிக்கும். பல ஆண்டுகள் கடலில் ஊறிய மரத்தை, நாள்தோறும் நீர் மாற்றி இரண்டு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, பிறகு ஒரு மாதம் நிழலில் உலர்த்தாவிட்டால், உள்ளிருக்கும் உப்பு ஈரக்காற்றில் இளகி, வெயில் வந்ததும் மேலே பூத்து, வண்ணத்தை அடியிலிருந்து பெயர்த்துவிடும். சுண்ணக்கட்டித் தூளும் பசையும் கலந்து நான்கு பூச்சுப் பூசித் தேய்த்த பிறகே முதல் கோடு. அச்சுப் படத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி, கையால் வரைந்ததென்று விற்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. வாங்குகிறவர்கள் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு பெரியம்மா, மூக்குக் கண்ணாடி இல்லாமல், அருளானந்தர் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்து, "ஓரியூராருல்ல?" என்றார். முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விலையைத்தான் குறைக்கச் சொன்னார்.